ரிக் வண்டி ஏறிப்போன பாஷை

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மக்காச்சோள லாரி வந்து நின்றால் சாம்பிள் எடுத்து, அரைத்து, ஓவனில் காயவைத்து, ஈரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகுதான் லோடு இறங்கும். சோளம் காய்கிற வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. டிரைவர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். மற்றவர்கள் செல்போனில் சினிமா பார்ப்பார்கள். நான் அந்த நேரத்தில் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கிறுக்கு பிடித்ததற்குக் காரணம் ஆலையில் மூட்டை இறக்க வடக்கே இருந்து வந்த ஆட்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவது எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் கேட்க அவ்வளவு சுகமாக இருக்கும். ஏதோ ஆற்றங்கரையைப் பற்றியோ விட்டுவந்த ஊரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் தமிழ் தெரிந்த ஒருவரிடம் அர்த்தம் கேட்டேன். கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அதோடு அந்தச் சுகம் போய்விட்டது. அர்த்தம் தெரிந்த பிறகும் சுகம் போகாத ஒரு பாஷை வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஒன்று எங்கேயும் கிடைக்காது என்பதால் நானே செய்ய உட்கார்ந்தேன்.

அதற்குச் சோரே என்று பெயர் வைத்தேன். பாஷை என்றால் பேச ஆட்கள் வேண்டும், ஆட்கள் என்றால் இருக்க இடம் வேண்டும். கடலுக்கு நடுவில் ஒரு தீவைக் கொடுத்தேன். பகல் முழுக்கக் கருவாட்டுத் தூளும் சோயாப் புண்ணாக்கும் மூக்கில் ஏறுகிறவன் என்பதால், அந்தத் தீவில் கோழியே கிடையாது என்று முதல் நாளே முடிவுசெய்துவிட்டேன். ஆகவே முட்டைக்கும் வார்த்தை இல்லை. தமிழ்மாதிரி இருக்கக் கூடாது என்று வினைச்சொல்லை வாக்கியத்தின் முன்னால் வைத்தேன். மரியாதை விகுதியைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் ‘ங்க’ போடாமல் வாய் மூடாது. வாசலில் படுத்த நாயை விரட்டினாலும் ‘போங்க’ என்றுதான் வருகிறது. சோரேயில் அரசனுக்கும் குழந்தைக்கும் ஒரே ‘வா’தான்.

ஓசை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வாக்கியங்களைச் சொல்லிச் செல்போனில் பதிவு செய்துகொள்வேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் யாருக்கோ ஜாக்கெட் மாடல் அனுப்ப என் போனை எடுத்தவள், அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டாள். ‘அலை வந்தது, அலை வருகிறது, அலை வந்திருக்கக் கூடாது’ என்று சோரேயில் வினையின் காலத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகியிருந்தேன். தீவுக்காரர்கள் மெதுவாகப் பேசுகிறவர்கள் என்பதால் நானும் குரலைத் தாழ்த்திக் குழைத்துத்தான் பேசியிருந்தேன். தெரியாத பாஷையில் புருஷன் யாரிடமோ கெஞ்சுகிறான் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் திருச்செங்கோட்டில் இருக்கும் அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மச்சான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர். போர் போடுவதற்காக வண்டியோடு அவர் போகாத மாநிலம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வந்தார். கறிச்சோறு சாப்பிட்டு, கைகழுவி, வெற்றிலையும் போட்ட பிறகுதான் பேச்சை எடுத்தார்.

“மாப்ள, மனசுல ஒன்னும் வெச்சுக்காதீங்க. அந்தப் புள்ள எந்த ஊருங்க?”

எந்தப் புள்ளை என்று எனக்கு விளங்கவில்லை. மனைவி போனை எடுத்து ஓடவிட்டாள். ஹாலில் என் குரலே அலை வந்தது, அலை வருகிறது என்று உருகிக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, எல்லாவற்றையும் சொன்னேன். தீவு, கடல், முன்னால் வரும் வினைச்சொல், எதையும் விடவில்லை. என் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு உண்மையாக நான் பேசியதில்லை. அவ்வளவு பொய்யாக எதுவும் ஒலித்ததும் இல்லை.

மச்சான் மறுபடி ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்த ஊரிலும் சோறும் டீசலும் கேட்டு வாங்குகிற அளவுக்கு அவருக்குப் பாஷைகள் தெரியும்.

“அம்மிணி, இது தெலுங்கு இல்ல, கன்னடம் இல்ல. இந்தியும் இல்ல, ஒடியாவும் இல்ல. மாப்ள நெசமாத்தான் சொல்றாரு.”

அவளுக்கு அதில் ஆறுதல் வரவில்லை. “பொம்பள சகவாசம்னாலும் நாலு பேருகிட்டச் சொல்லி அழுவலாங்ண்ணா. இத நான் என்னன்னு போய்ச் சொல்றது?” என்றாள்.

மச்சான் அதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய மனசு தீவுக்குப் போய்விட்டது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் என்றால் அந்த ஜனம் குடிக்க என்ன செய்கிறது என்று கேட்டார். அவர்களுக்கு அலையைப் பற்றியே பன்னிரண்டு வார்த்தை கொடுத்திருந்தேன். குடிதண்ணீரை மறந்துபோயிருந்தேன். மழை பெய்யும் என்று சமாளித்தேன்.

“பேஞ்சாச் சரிங்க. பேயலீன்னா?”

அப்புறம் பாறை என்ன பாறை, மண் எவ்வளவு கனம், மேடு எந்தத் திசையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்ல, மனைவியின் கட்டிங் டேபிளில் தையல் சாக்பீஸால் தீவை வரைந்தார். ஒரு பெண் கொடுத்திருந்த லைனிங் துணியின்மேல் பாதித் தீவு விழுந்தது. ஈசானிய மூலையில் ஒரு புள்ளி வைத்து, இங்கே போட்டால் நல்ல தண்ணீர், ஆனால் பேராசைப்பட்டு ஆழம் போனால் உப்பு ஏறிவிடும் என்றார். சாயங்காலம் கிளம்பும்போது சோரேயில் தண்ணீருக்கு என்ன வார்த்தை, பாறைக்கு என்ன, அடிக்கு என்ன என்று கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார்.

அண்ணன் சமாதானமானாலும் தங்கை சமாதானமாகவில்லை. நான் புளுகுகிறேனா என்று சோதிப்பதற்காகவே சோரே படிக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை கேட்ட வார்த்தையை வியாழக்கிழமை திரும்பக் கேட்பாள். ஒரே பதில் வருகிறதா என்று முகத்தைப் பார்ப்பாள். பதில் மாறாமல் வரவர அவளுக்கே அது பழகிவிட்டது. ஒருநாள் துணி கேட்டு ஒரு பெண் வந்து நின்றபோது, உள்ளே இருந்த என்னிடம் சோரேயில் சத்தம் போட்டுச் சொன்னாள்: இன்னும் வெட்டவே இல்லை, கரண்டு இல்லை என்று வந்து சொல்லுங்கள். நானும் வந்து கரண்டைப் பற்றிச் சொன்னேன். மின்விசிறி தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு போனார்.

பாஷை அவள் வாயில் புகுந்ததும் மாறத் தொடங்கியது. வினைச்சொல்லைத் தூக்கிக் கடைசியில் போட்டாள். ‘ஆயெ’ என்றால் வா. அவள் ‘ஆயெங்க’ என்றாள். தீவில் மரியாதை விகுதி கிடையாது என்று எடுத்துச் சொன்னேன்.

“அவங்களுக்கு இல்லாமப் போவட்டும். அதுக்காக உங்கள நான் மொட்டையாக் கூப்புடறதாங்க?” என்றாள்.

முட்டைக்கும் அவளே ஒரு வார்த்தை வைத்தாள். கோழியே இல்லாத ஊரில் முட்டை எப்படி என்று கேட்டதற்கு, விருந்தாளி வந்தால் அந்த ஜனம் என்னத்தை ஆக்கிப் போடும் என்று திருப்பிக் கேட்டாள். அன்றைக்கே தீவில் கோழி வந்து இறங்கிவிட்டது.

தான் கற்றதை அண்ணனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவரோடு போனில் பேசுவதும் அந்தப் பாஷையில்தான் என்றாகிவிட்டது. ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது அவள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றித்தான் என்பதுமட்டும் தெரிந்தது. மற்றபடி ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பாதி எழுத்தை விழுங்கி, இரண்டு வார்த்தையை ஒன்றாக்கி ஓட்டினாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க பேசறது பொஸ்தகத்துல எழுதற மாதிரிங்க. நாங்க பேசறது பேச்சு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கூடவே உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்ததை மறைப்பதற்கில்லை.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு ரிக் தொழிலாளிகள், தலையெல்லாம் பாறைத் தூசி. அதில் ஒருவர் போனில், “நேத்துப் போட்டது தோமெங்க. மேனேஜர் வேற பாயிண்ட்டு பாக்கச் சொல்லீருக்காரு” என்றார்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவர் இழுத்துச் சொன்னாலும், தொமெ என்னுடைய வார்த்தை. அலை திரும்பிப் போன பிறகு கரையில் கொஞ்ச நேரம் நிற்குமே ஒரு அமைதி, அதற்காக ஒரு முழு வாரம் யோசித்து வைத்தது. இவர்கள் அதைத் தண்ணீர் வராத போருக்குச் சொல்கிறார்கள். அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அது என்ன பாஷைங்க என்று கேட்டேன்.

“ரிக்குல பேசறதுங்க. எங்க மொதலாளி கத்துக்குடுத்தது. வேற வண்டிக்காரனுக்குப் புரியக் கூடாதுல்லங்க.”

எந்த ஊரில் பேசுவது என்று கேட்டேன். வயதில் மூத்தவர் பதில் சொன்னார்.

“கடலுக்குள்ள ஏதோ தீவுங்களாமா. மொதலாளி அங்கயே போயி போர் போட்டுட்டு வந்தவருங்க. தண்ணி எளனியாட்டம் இருந்துச்சாமா.”

அது நான் உண்டாக்கிய தீவு என்று சொல்ல வாய் வந்தது. இருவரையும் பார்த்தேன். அவர்கள் முகத்தில் முதலாளியைப் பற்றிய பெருமை அப்படி இருந்தது. சொல்லியிருந்தால் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனேன்.

பந்தியில் மச்சான் எனக்குப் பக்கத்து இலை. கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்து யோசித்த பாஷை என்றால் பையன்கள் சிரிப்பார்கள், தீவுக்குப் போய் வந்த பாஷை என்றால் மரியாதையாகக் கற்றுக்கொள்வார்கள் என்றார். அதில் தப்பு சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தையின் முதல் எழுத்து குறில், ‘தொமெ’ என்று சொல்லச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு மச்சான் யோசித்தார்.

“கம்ப்ரசர் ஓடற சத்தத்துல குறில் காதுல உழுகாதுங்க மாப்ள. இழுத்துச் சொன்னாத்தான் மேல நிக்கறவனுக்குக் கேக்கும். இனி மாத்த முடியாதுங்க.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இப்போது நானும் தோமெ என்றுதான் சொல்கிறேன்.