மிஸ்ஸி கொடுத்த நீலப் போத்தல்

அந்த நீலப் போத்தலின் மூடி இரண்டு தடவை மாறிவிட்டது. ஆனாலும் காலையில் சாமி விளக்கேற்றுவதற்கு முன் அதில்தான் மகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். கொடுத்தவர் ஒரு தாதி. எங்கள் ஊர் பண்டமாரானில் நாங்கள் எல்லாரும் அவரை 'மிஸ்ஸி' என்றே கூப்பிட்டோம்.

மகள் அப்போது பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. முருகனுக்கு நேர்ந்துகொண்டு, சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவளை ஒரு நாள் விரதம் இருக்க வைத்தேன். பக்தி என்றுதான் நினைத்தேன். மாலைக்குள் கை கால் எலும்பெல்லாம் வலித்துத் துடித்தாள். மருத்துவமனையில் அரிவாள் செல் நோய் என்றார்கள். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளியிலோ, வலி வந்து அழுதால் 'நடிப்புக்காரி' என்று கேலி. "இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்மா" என்று பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

பள்ளிக்கு ஊசி போட வந்த மிஸ்ஸி, அவள் வராத காரணத்தைக் கேட்டறிந்து, தலைமையாசிரியரிடம் ஒரு பாடவேளை வாங்கினார். என்னையும் வரச்சொல்லிக் கடைசி பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பபிள் டீ குடிக்கிற தடித்த உறிஞ்சுகுழாயை நிமிர்த்திப் பிடித்துப் பாசிமணிகளைப் போட்டார். கடகடவென்று இறங்கின. பிறகு வளைந்த மக்கரோனியைப் போட்டார். இரண்டாவதிலேயே அடைத்துக்கொண்டது.

"உருண்டையா ஓடுற மணிதான் நம்ம ரத்தம். இப்படி வளைஞ்சு போறது இவ ரத்தம். அடைக்கிற இடத்துல வலிக்கும். உடம்புல தண்ணி குறைஞ்சா இன்னும் மோசம்."

"எங்களுக்கும் ஒட்டிக்குமா மிஸ்ஸி?" என்றாள், கேலியை ஆரம்பித்து வைத்த பெண்.

"ஒட்டாதுலா. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பிறக்கும்போதே வர்றது. யார் தப்பும் இல்ல."

"அப்போ இவ நடிக்கலியா?"

"இந்த வலியில யாருக்கு நடிக்க வரும்? நீயா இருந்தா கத்துற கத்துல ஸ்கூலே இடிஞ்சிருக்கும்!"

வகுப்பே சிரித்தது, மகளும்தான். எனக்கு மட்டும் அழுகை வந்தது. வெளியே வந்ததும் விரதம் வைத்த கதையைச் சொன்னேன். மிஸ்ஸி திட்டவில்லை. "பிள்ளை தண்ணி குடிச்சா முருகன் கோவிச்சுக்குவாரா ஆன்டி?" என்று மட்டும் கேட்டு, போத்தலை என் கையில் கொடுத்தார். பாடத்துக்கு நடுவிலும் அவள் குடிக்கலாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டே போனார். மறுநாள் மகள் தானாகவே பையை எடுத்தாள். எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். தலைகுனிய வைக்காமல் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பிறகு அவர் செமினி என்ற ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கோயிலில் அவருக்காகச் செய்யும் அர்ச்சனைக்கு 'மிஸ்ஸி' என்றே பெயர் சொல்கிறேன், குருக்களும் அப்படியே சொல்லிவிடுகிறார். மகள் இப்போது பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறாள். மருந்தும் மருத்துவமனையும் தொடர்கின்றன. இந்தத் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுத்தேன், அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். அன்று கேலி செய்த அதே பெண், இன்று அவள் தோழி, வெயிலில் நீலப் போத்தலைத் திறந்து நீட்டினாள்.

"குடி, நடிப்புக்காரி!"

சந்நிதிக்கு நேரே நின்று, என் மகள் கடகடவென்று குடித்தாள்.