கன்றுக்கு விட்ட இரண்டு அங்குலம்

ஈப்போவில் இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். டேப்பைக் கையில் எடுத்தால் தப்பாக அளக்க மாட்டேன் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

என் தம்பி சித்தியவான் போகும் வழியில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் மாடு வளர்க்கிறான். போன வருஷம் ஒரு பசு இரட்டைக் கிடாரிக் கன்றுகளை ஈன்றது. இரண்டும் செவலை, இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளை. எது எதென்று தெரியாமல், பால் குடித்த கன்றையே தம்பி மறுபடி மடியில் விட்டுவிட்டு, மற்றது பசியில் கத்தும்போது தலையில் அடித்துக்கொள்வான். நிலத்துக்காரர் பாதி இடத்தைத் திரும்பக் கேட்டதும் இரண்டையும் வைத்திருக்க வழியில்லை. பிரிக்கவும் அவனுக்கு மனமில்லை.

அந்த நேரத்தில் கால்நடை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் போனில் சொன்னார்: ஒரே கருவில் பிரிந்த இரட்டை என்றால் தீவனம் மாற்றிப் போட்டுப் பார்க்க இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்களாம். தனித்தனிக் கரு என்றால் வேண்டாம். முதலில் உயரம், நீளம், மார்புச் சுற்றளவு மூன்றையும் அனுப்ப வேண்டும். அளவு ஒத்துப்போனால்தான் நேரில் வருவார்.

"அக்கா, நீதான் டேப் புடிக்கிற ஆளு. வந்து அளந்து குடுலா."

போனேன். முதல் கன்றை நானே அளந்து எழுதினேன். இரண்டாவது என்னை ஓர் உதை விட்டது. அதனால் தம்பி அளந்து எண்ணைக் கத்தினான், நான் எழுதினேன். உயரமும் நீளமும் அச்சு அசல். மார்பில் மட்டும் முதல் கன்றுக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக இடித்தது. தனித்தனிக் கருவாகத்தான் இருக்கும், வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது.

மறு வாரம் ஒரு வாடிக்கைக்காரருக்கு மார்பளவு எடுத்தேன். டேப்பில் முப்பத்து நாலு. என் கை முப்பத்தாறு என்று எழுதியது. லூஸுக்கு இரண்டு அங்குலம் கூட்டி எழுதுவது என் பழக்கதோஷம். உயரத்துக்கும் நீளத்துக்கும் அதெல்லாம் கிடையாது. தம்பி கத்திய எண்ணையோ அப்படியே எழுதியிருந்தேன். ஐயையோ, கன்றுக்கும் ரவிக்கை தைத்துவிட்டேனே!

உடனே தம்பியைப் போனில் கூப்பிட்டேன். ஒரு கன்று முந்தைய நாளே விலைபோய், காம்பார் ஊருக்கு லோரி ஏறியிருந்தது. மற்றது வேலியோரம் நின்று கத்திக்கொண்டே இருக்கிறதாம்.

"இன்னொரு வாட்டி அளந்து பாத்திருந்தா..." என்று இழுத்தேன்.

"விடுக்கா. நீ அளந்து தப்பாவா இருக்கும்? என் கண்ணுதான் ஏமாந்துருச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன் பாரு."

எனக்கு அழுகை வந்தது. "சரிடா" என்று போனை வைத்தேன். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.