கோட்டைக் குளத்து விரிசல்

ஆந்திர ராஜ்யம் பிறந்துவிட்டது, எல்லைதான் முடிவாகவில்லை. நாகலாபுரம் பக்கத்து மலைக்கோட்டை எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று தெரியாத நிலையில், அது முடிவாகும் முன்பே அதைப் பழுதுபார்த்துத் தம் காலத்துக் கல்வெட்டை நட்டுவிட எங்கள் மேலதிகாரி துடித்தார். நான் அந்த வேலைக்கு ஓவர்சியர்.

கோட்டையைக் கட்டியவர் யார் என்பதில் கோப்புக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒரு குறிப்பு பாளையக்காரர் என்றது. இன்னொன்று நவாபின் ஆள் என்றது. பீரங்கி இடித்தது என்பதில் மட்டும் சச்சரவில்லை. அதே அடியில் உச்சிக் குளத்தின் கற்கரையும் விரிசல் விட்டிருந்தது. தலைமுறைகளாக அதில் தண்ணீர் நின்றதில்லை. மதிப்பீட்டில் ‘விரிசல் அடைத்தல்’ என்றிருந்தது, சிமெண்டால் அடைத்தோம். மழையில் குளம் நிரம்பியது. அதிகாரி வந்து பார்த்து, வேலை முடிந்ததாகச் சான்று எழுதிவிட்டு இறங்கினார்.

சில நாளில் அடிவாரத்து விவசாயி ஒருவர் மனைவியோடு என் கூடாரத்துக்கு வந்தார்.

“இன்னா சார் பண்ணீங்க மேல? எங்க ஊத்து நின்னு போச்சு. நாத்து காய்ஞ்சிக்கினு கீது.”

“ராஜா திரும்பி வராரு போல. அவருக்குக் குளிக்கத் தண்ணி வேணாமா?” என்றாள் அவள்.

அந்த விரிசலில் கசிந்ததுதான் அவர்கள் ஊற்று. திறக்க வழி உண்டு: சான்றை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யும் அதிகாரம் எந்த ராஜ்யத்துக்கு? சித்தூர் போய் மேலதிகாரியிடமே கேட்டேன். “ஆகவய்யா, முந்து பார்டர் தேலனீ,” என்றார் அதிகாரி. பொறு, முதலில் எல்லை முடிவாகட்டும் என்கிறார். நாற்றும் காத்திருக்கும் என்று எண்ணினார் போலும்.

விவசாயி காத்திருக்கவில்லை. கடப்பாரையோடு மலை ஏறினார். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று சொல்லிக்கொண்டே நானும் பின்னால் ஏறினேன்.

“மூச்சு வாங்குது, இன்னும் ரூலை வுட மாட்றீங்களே சார்.”

மேலே போய்ச் சேர்ந்தோம். குளம் விளிம்பு வரை கறுப்பாக நின்றது. நாங்கள் அடைத்த இடம் உலர்ந்து, உறுதியாக இருந்தது. சற்றுத் தள்ளி, வீடுகள் இருக்கும் பக்கம், நாங்கள் தொடாத பழைய கரை வெளிப்புறம் புடைத்திருந்தது. கல்லிடுக்கில் செம்மண் கலந்த நீர் இழையாக இறங்கியது.

அவர் கடப்பாரையை ஓங்கினார். கையைப் பிடித்தேன். அதிர்ந்தால் கரை மொத்தமும் போய்விடும் என்றேன். இது விதி பேசும் குரல் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

அடிவாரத்தில் அவர் மனைவி, “தண்ணி வருமா?” என்று கேட்டாள்.

“வரும்,” என்றார். “பாத்திரம் பண்டத்தை எட்த்து வெளிய போடு. அக்கம்பக்கத்துல சொல்லு. நான் வண்டி கட்றேன்.”

மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.