பன்னிரண்டு நாள் லீவு

என் கை வேலையைப் பற்றி நானே பேசினால் தற்பெருமை என்பார்கள். பேசித்தான் ஆகவேண்டும். அந்தக் கைதான் என்னைக் கெடுத்தது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் என் பெயரை மட்டும் போடத் தெரியும், அதையும் கோலம் போடுகிற மாதிரி வரைவேன். ஆனால் லேத்தில் இரும்பை மாட்டிக் கொடுத்தால் என்னை மிஞ்ச அன்றைக்கு ஆள் கிடையாது. நான் கடைந்ததை வெள்ளைக்காரத் துரை அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவான். மற்றவர்கள் கடைந்தால் திட்டுவான். பின்னாளில் மெட்ராஸ் பக்கம் பாடியில் சொந்தமாக மூன்று லேத்துப் போட்டுப் படித்தவர்களுக்கே வேலை கொடுத்தேன். அதெல்லாம் சுதந்திரம் வந்த பிறகு. இது யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது.

அப்போது எனக்குக் கொரட்டூரில் வீடு, ஏரிக்கரைப் பக்கம். விடியற்காலை ரயில் பிடித்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். இருட்டிய பிறகுதான் வீடு. கட்டியவள் என் அக்கா மகள். கட்டி மூன்று வருடம், குழந்தை இல்லை. அந்த வருடம் ஆடி மாதம் அவளுக்கு இருமல் வந்தது. ஐப்பசியில் இருமலோடு ரத்தமும் வந்தது. பகலில் கஞ்சி கொடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை என்று நசரத்பேட்டையில் அவள் தாய்வீட்டில், அதாவது என் அக்கா வீட்டில், கொண்டுபோய் விட்டேன். பூந்தமல்லி டாக்டர் பார்த்துவிட்டு, பால் கொடுங்கள், படுக்க வையுங்கள் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை அக்கா புரிந்துகொண்டாள். நான் புரிந்துகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிளில் போவேன். பாடியிலிருந்து மதுரவாயல் போய்ப் பூந்தமல்லி ரோட்டைப் பிடித்தால் மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம். எனக்கு ஒன்றே கால்.

"வர, தண்ணி குடிக்கிற, சைக்கிள எடுத்துகினு பூடற. உன்னாண்ட சொல்றதுக்கு எவ்ளோ கீது தெரியுமா மாமா?" என்றாள் அவள் ஒரு ஞாயிறு.

"இப்பவே சொல்லேன்."

"அவசரத்துல சொல்றது இல்ல அது. நீ பக்கத்துல சும்மா குந்திகினு இருக்கும்போது பேச்சோட பேச்சா சொல்லணும்."

"பன்னெண்டு நாளு லீவு முழுசா கீது. ஒண்ணு கூட ஒடைக்கல. மார்கழியில வந்து குந்திக்கறேன். நீ பேசு, நானு கேக்கறேன்."

"பன்னெண்டு நாளு உன் லேத்துப் பெரும பேசாம இருப்பியா?"

"அவன் வாய மூடினா ஏரி ஒடச்சிக்கும்டீ" என்றாள் அக்கா உள்ளே இருந்து. மூன்று பேரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்த லீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள், சம்பளத்தோடு. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எடுக்காவிட்டால் போச்சு, அடுத்த வருடத்துக்கு வராது. இந்த விதியை இங்கிலீஷில் அச்சடித்து ஆஜர் போடுகிற டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எங்களில் யார் படித்தோம்? வருடக் கடைசியில் மிச்ச லீவை எடுப்பது பழைய வழக்கம், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போக முடியாது. அதனால் டிசம்பர் பிறந்ததும் எண்ணெய் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்குவோம். யாருக்கு எந்த நாள் வந்ததோ அதை மேஸ்திரியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவோம். எழுதிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் லேத்துக் கொட்டகையில் இல்லை. எழுதிக் கொடுக்கிறவன் மேஸ்திரியை நம்பாதவன், பெட்டிஷன்காரன். அப்படி ஒரு பெயர் வாங்குவதைவிட லீவை விட்டுவிடலாம் என்று இருந்தோம்.

அந்தத் தடவை எனக்கு வந்த சீட்டு இருபதாம் தேதியிலிருந்து முப்பத்தொன்று வரை. சரியாகப் பன்னிரண்டு நாள். என் அதிர்ஷ்டத்தைப் பார்த்துக் கொட்டகையே வயிறெரிந்தது. அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

பதினெட்டாம் தேதி மேஸ்திரி என் லேத்துப் பக்கம் வந்து நின்றார்.

"பட்டாளத்துக்குப் பம்பு உருளை இருவது. மாசக் கடைசிக்குள்ள போயாவணும். இத்தக் கடையற கை இந்தக் கொட்டாயில ஒண்ணே ஒண்ணுதான் கீது. தொரையே உன் பேரச் சொல்லிக் கேட்டாரு."

"எனக்கு இருவதாந்தேதி லீவு மேஸ்திரி. ஊட்டுல ஒடம்பு சரியில்ல."

"லீவு எங்க ஓடிப் போவுது? அடுத்த வருசம் சேத்து இருவத்தி நாலு நாளா எடுத்துக்கோ. நான் சொல்றேன் இல்ல?"

துரை என் பெயரைச் சொன்னான் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் வேகத்துக்கு இருபது உருளை நாலு நாள் வேலை, முடித்துக் கொடுத்தால் சீட்டு இல்லாமலே துரை அனுப்பிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். என் சீட்டை வேறொருவருக்குக் கொடுத்தேன்.

டைம் ஆபீஸ் குமாஸ்தா அம்பத்தூர்க்காரர், என்னோடு ஒரே ரயிலில் வருகிறவர். அன்று மாலை ரயிலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, சீட்ட தூக்கிக் குடுத்துட்டியாமே? செவுத்துல ஒட்டிக்கீறது இன்னான்னு தெரியுமா உனுக்கு? எழுதிக் கேட்டா வருசம் முடியறதுக்குள்ள குடுத்தே தீரணும். அது மேஸ்திரி கையில இல்ல, உன் பாத்தியதை. நாளைக்கு நானே எழுதறேன். கீழ நீ உன் பேர வரைஞ்சா போதும்."

"எனக்கு எதுக்கு காயிதம்? தொரையே என் பேரச் சொல்றாரு. என் லீவ எவன் தொடுவான்?"

"எவனும் தொட வேணாம் அண்ணாத்தே. முப்பத்தொண்ணு தாண்டினா அது தானா பூடும்."

வண்டியில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கொரட்டூரில் இறங்கிவிட்டேன்.

நாலு நாளில் முடியவில்லை. வந்த வார்ப்பு இரும்பிலேயே ஓட்டை. கடைந்துகொண்டு போகும்போது உள்ளே பொக்கை தெரியும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்றை மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பூந்தமல்லிக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டிக்காரரிடம், இரண்டு நாள் பொறுத்து வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு இன்னும் இரண்டு நாள் என்று சொல்லி அனுப்பினேன். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் இருபதாவது உருளையை இறக்கி வைத்தேன். இருபதில் ஒன்றைக்கூடத் துரை தள்ளவில்லை. அந்த வேலையை இன்றைக்கும் எவனும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் குமாஸ்தா என் லீவுக் கார்டை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டின் மேல் சிவப்பு மையில் கோடு. நான் மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் என்னோடு டைம் ஆபீசுக்கு வந்தார். சுவரில் ஒட்டியிருந்ததைக் குமாஸ்தா வரி வரியாகத் தமிழில் சொன்னார். பழைய லீவு செத்தது. புது வருடத்து லீவு மூன்று மாதம் கழித்துத்தான் கிடைக்கும்.

"அப்படியா போட்டுக்கீது?" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் ஏமாற்றியவனின் களை இல்லை. இத்தனை வருடமும் அவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை நசரத்பேட்டைக்குப் போனேன். அக்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

"இருவதாந்தேதியிலேர்ந்து தெனமும் காலையில தல வாரி வுடச் சொன்னாடா. கட்டில ரோட்டப் பாத்துத் திருப்பிப் போடச் சொன்னா. எவன் சைக்கிள் மணி அடிச்சாலும் எழுந்து குந்துவா. நீ ஆளு மேல ஆளு சொல்லி அனுப்பற. நல்லா கீதுடா உன் தொரைத்தனம்."

அவள் உள்ளே கட்டிலில் இருந்தாள். கன்னத்தில் எலும்பு மட்டும்தான் இருந்தது. தலை வாரியிருந்தது.

"வந்துட்டியா மாமா? எத்தினி நாளு?"

"சாயங்காலம் போவணும்."

"செரி. குந்து."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டில் பக்கத்தில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு வாரம் லேத்துக்கு முன்னால் நின்ற கால், மரமாகக் கனத்தது. "சொல்லு, இன்னாமோ சொல்லணும்னியே" என்றேன்.

"மொதல்ல ஒண்ணு கேப்பேன். நீ சிரிக்கக் கூடாது" என்றாள்.

நான் கேட்டது அவ்வளவுதான். கண் மூடிவிட்டது. பகலில் படுத்து அறியாதவன் நான், ஊரே சொல்லும். அன்றைக்கு மரக்கட்டை மாதிரி தூங்கினேன்.

முழித்தபோது வெயில் சுவரில் மேலே ஏறிப் போயிருந்தது. அவள் முந்தானையை உருட்டி வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க இருமலை உள்ளேயே அடக்கிக்கொண்டிருந்தாள். எழுப்பக் கூடாதா என்று அக்காவிடம் கத்தினேன்.

"நானா வேணாம்னேன்? அவதான் கிட்டயே வர வுடல. ஒழச்ச ஒடம்பு, தூங்கட்டும்னா."

"கொறட்டை கூட உன் லேத்து மாதிரியேதான் கீது" என்றாள் அவள்.

"இன்னாவோ கேக்க வந்தியே?"

"அடுத்த வாரம் ஆவட்டும் மாமா. ஓடிகினே கேக்கறது இல்ல அது. கெளம்பு, இருட்டிடும்."

யுத்தத்துக்காக விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்த காலம், இருட்டினால் ரோடு தெரியாது. கிளம்பிவிட்டேன். அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் என்று அவளும் சொன்னாளே.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு நசரத்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. சொல்லாமலே தெரிந்துகொண்டேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி நாளு வேணுமோ எடுத்துக்கோப்பா, நான் பாத்துக்கறேன்" என்று அழுதார். குமாஸ்தா தானே ஒரு காகிதத்தில் லீவு கேட்டு எழுதி என் முன்னால் வைத்தார். என் பெயரை வரைந்தேன். பாதி எழுத்து கோணிக்கொண்டது.

எல்லாம் முடிந்த மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "என்னாண்ட சொல்லணும்னாளே, அது இன்னாக்கா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெருசா ஒண்ணும் இல்லடா. பசு கன்னு போட்டுச்சி, நெத்தியில வெள்ளையா. அத்த அவளேதான் உன்னாண்ட சொல்லணுமாம், என்னிய சொல்ல வுடல. அப்பறம், கொரட்டூர் ஊட்டுல ஏரிப் பக்கமா ஒரு ஜன்னலு வைக்கணும்னா. எதுத்த ஊட்டுக்காரி பொடவ கடன் வாங்கிகினு போய் கிழிச்சத சொல்லிச் சிரிக்கணும்னா. இன்னும் ஏதேதோ. எனக்கு ஞாபகம் இல்ல."

"என்னிய ஒண்ணு கேப்பேன்னா. சிரிக்கக் கூடாதுன்னா."

"அது எனக்குத் தெரியாதுடா தம்பி. என்னாண்ட சொல்லல."

கொல்லைப் பக்கம் போனேன். கன்று தாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நெற்றியில் வெள்ளை இருந்தது.