ஆறாவது நட்டு

அன்று வவுனியா அரசாங்கக் கச்சேரி வளவில் நின்றவர்களைச் சொல்லுகிறேன். லொறி சோதிக்கிற எக்ஸாமினர், புளியமரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்தபடி. பக்கத்தில் அவருடைய கிளாக்கர், மடியில் கடதாசிக் கட்டு. என் மனுசன், வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டபடி. எங்களுக்குப் பின்னால் நின்ற லொறியின் டிரைவர். அது எங்கள் ஊர் மில் முதலாளியின் லொறி. இன்னும் மூன்று லொறிக்காரர், முன்பின் தெரியாதவர்கள். பிறகு நான். பெண் என்று நான் ஒருத்திதான்.

லொறி வைத்திருப்பவன் வருசத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதி என்று கடதாசி வாங்க வேண்டும். கடதாசி இல்லாவிட்டால் நெல் ஏற்ற முடியாது. முதல் முறை மனுசன் தனியாகப் போனார். எக்ஸாமினர் முன் இடப்பக்கச் சில்லைப் பார்த்தார். ஆறு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம்:

"அஞ்சு நட்டிலை ஓட இதென்ன மாட்டு வண்டிலோ?"

கிளாக்கர் சிரித்தாராம். மனுசன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த நாள் விடிய மில் முதலாளியிடம் போய், இனியும் கடதாசி கிடைக்காவிட்டால் லொறியை நீங்களே விலைக்கு எடுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பிறகுதான் சொன்னார். சொன்னது சொன்னதுதான். ஆனால் லொறியைக் கொடுப்பதில்லை என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்த நாளிலிருந்து மனுசன் மற்றவர்களின் லொறிதான் ஓடினார். அதே மில்லுக்கும் ஓடினார். இது பழைய லொறி. கதவு ஒன்றைக் கயிற்றால் கட்டவேண்டும். என்றாலும் எங்களுடையது.

முறிந்தது நட்டு அல்ல. சில்லைப் பிடித்து நிற்கிற ஆணி, ஸ்டட் என்பார்கள், அதுதான் முறிந்தது. புதுக்குடியிருப்பில் ரயர் ஒட்டுகிறவன் நட்டைக் கழற்றப் போனான். எங்கள் லொறியில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் மறுபக்கம் திரும்பும். ஓட்டத்தில் கழலாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அவன் அதை அறியாமல், கழற்றுவதாக நினைத்து ஸ்பானரின்மேல் ஏறி நின்று மிதித்தான். ஸ்டட் முறிந்து கையோடு வந்தது. வவுனியாவால் வந்த கிழமை மனுசன் உள்ளே முறிந்து நின்ற மிச்சக் கட்டையை எடுக்கப் போய், லொறியைத் தூக்கி நிறுத்திய ஜக் சரிந்து இரண்டு விரல் நசிந்தது. ஸ்டியரிங் பிடிக்கலாம். சுத்தியல் பிடிக்க ஏலாது.

மில் லொறி டிரைவர் வந்து பார்த்தான். படலையில் நின்றபடியே வழி சொன்னான்.

"அண்ணை, ஒரு துண்டு சவர்க்காரம் காணும். கட்டையிலை அப்பிப்போட்டு நட்டை ஒட்டிவிடுங்கோ. மேலை கொஞ்சம் கிறீஸ். எங்கட லொறியிலையும் ரெண்டு அப்பிடித்தான் நிக்குது. அவர் கதிரையாலை எழும்பமாட்டார்."

மனுசன் என்னைப் பார்த்தார்.

"இஞ்சேர், சவர்க்காரம் கிடக்கே?"

"கிடக்கு. அது உடுப்புத் தோய்க்க."

"ஒரு நாளைக்குத்தானே."

"கடதாசி ஒரு நாளைக்கு. சில்லு வருசம் முழுக்க ஓடவேணும். சவர்க்காரத்திலை ஓடுமோ?"

டிரைவர் சிரித்தான். "அக்கா கராச் போடப்போறா போலை."

"போட்டாலும் உன்னை வேலைக்கு எடுக்கமாட்டன், போ."

முல்லைத்தீவில் பழைய இரும்பு வாங்கி விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். அவரிடம் போய் மனுசன் சொல்லிவிட்டபடி, முன் சில்லு ஸ்டட் ஒன்று என்று கேட்டேன். தந்தார். பஸ்சில் கொண்டுவந்து பார்த்தால் எங்கள் நட்டு அதில் ஏறவில்லை. ஒரு சுற்றுக்கூடப் பிடிக்கவில்லை. எந்தப் பக்கச் சில்லு என்று மனுசன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

திரும்பப் போனேன். இந்த முறை நட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன்.

"என்ன தங்கச்சி, போன கிழமைதானே கொண்டுபோனாய்?"

"அது ஏறேல்லை நானா."

நட்டை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். "அட, இது இடப்பக்க மரை. உன்ர மனுசன் டிரைவர்தானே? இதைச் சொல்லிவிடேல்லையா?"

"அவருக்குத் தெரிஞ்ச விசயம் நானா. தெரிஞ்சதை ஆர் வாயாலை சொல்லுவினம்?"

நானா சிரித்து இரண்டு தகரம் நிறைய ஆணி கொட்டினார். வெறும் நிலத்தில் இருந்து ஒவ்வொன்றாக நட்டை ஏற்றிப் பார்த்தேன். கை கறுத்துப் போயிற்று. கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். இரண்டாவது தகரத்தின் அடியில் ஒன்றில் நட்டு விரலாலேயே கடைசிவரை ஓடியது.

அயலில் எல்லாரும் வயலில் அரிவு வெட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை. லொறியைத் தூக்கிச் சில்லைக் கழற்றினோம். மனுசன் இடக்கையால் ஸ்பானர் எடுத்துத் தந்தார், வாயால் வழி சொன்னார். ஸ்டட்டுகள் குத்தி நிற்கிற இரும்புக் குடத்தை அச்சிலிருந்து இழுத்து எடுத்தேன். அதை வைத்து அடிக்க இடம் வேண்டும். கல்லில் வைத்தால் ஆணி கீழே இறங்காது. நான் அரிசி இடிக்கிற உரலை உருட்டிக்கொண்டு வந்தேன்.

"உரலையோ?" என்றார் மனுசன்.

"குழி இருக்குத்தானே."

உரல் வாயில் குடத்தை வைத்து, முறிந்த கட்டைக்கு நேரே அடித்தேன். எட்டாவது அடியில் கட்டை குழிக்குள் விழுந்தது. குடத்தைத் திருப்பிப் புதியதைப் பின்பக்கத்தால் விட்டேன். தலை நசியாமல் பாலை மரத்துண்டு ஒன்றை மேலே வைத்து அடித்தேன். முதலில் சரிந்து நின்றது. கழற்றி மறுபடி விட்டேன். இரண்டாம் முறை நேராக இறங்கியது. தோள் பல நாள் நொந்தது. அந்த உரலில் கிறீஸ் மணம் போக ஒரு மாதம் சென்றது. அதுவரை பக்கத்து வளவில் இடித்தேன்.

வவுனியாவுக்கு நானும் வருகிறேன் என்றேன். மனுசன் மறுக்கவில்லை.

எங்கள் முறை வரும்போது உச்சி வெயில். எக்ஸாமினர் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"நீர்தானே அஞ்சு நட்டுக்காரன்? போட்டாச்சோ?"

"போட்டாச்சு ஐயா."

"சரி." கிளாக்கரிடம் கடதாசிக்குக் கை நீட்டினார். எழும்பவில்லை. மில் டிரைவர் சொன்னது உண்மைதான். சவர்க்காரமே போதுமாயிருந்திருக்கும். என் தோள் அப்போதும் நொந்துகொண்டிருந்தது.

"ஐயா, எழும்பி வந்து பாருங்கோ," என்றேன்.

மனுசன் என் முழங்கையைத் தொட்டார். நான் விலகி நின்றேன்.

எக்ஸாமினர் நிமிர்ந்தார். "ஆரிது?"

"என்ர மனுசி, ஐயா."

"பிள்ளை, உமக்கென்ன விசரோ? நான் எழுதப்போறன் எண்டெல்லோ சொல்லுறன்."

"போன முறை எல்லாருக்கும் கேக்க அஞ்சு எண்டு சொன்னனீங்கள். இண்டைக்கும் எண்ணிப்போட்டு எழுதுங்கோ."

பின்னால் மில் டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "அக்கா, சும்மா வாங்கிக்கொண்டு போங்கோ. எங்களையும் எல்லோ எண்ணப்போறார்."

"உன்ர சவர்க்காரம் உன்ர பாடு."

மற்ற லொறிக்காரர் கிட்ட வந்துவிட்டார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் எக்ஸாமினரால் கதிரையிலேயே இருக்க முடியவில்லை. எழும்பினார். வெயிலுக்குள் வந்தார். கிளாக்கர் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

எக்ஸாமினர் குந்தியிருந்து ஒவ்வொரு நட்டாகத் தட்டினார். புதியதை இரண்டு தரம் தட்டினார். விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"ஆர் அடிச்சது?"

"நான்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். மில் டிரைவர் தன் லொறியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். எக்ஸாமினர் வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கேல்லை ஐயா."

எழும்பி, கால்சட்டையின் புழுதியைத் தட்டிவிட்டு, உரத்துச் சொன்னார்.

"ஆறு."