பூஜை போட்ட பிரவுசர்

கமலக்கண்ணனை ஓர் இடத்தில் சும்மா உட்காரவைக்க அந்தச் சாமியாலும் முடியாது. சாப்பிடும்போதும் வலது கால் ஆடும். நம்மோடு பேசும்போது கண் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் இருக்கும். "ஏம்ப்பா, காலுக்கு என்ன மோட்டாரா மாட்டி வெச்சிருக்கே?" என்று கேட்டால் சிரிப்பான், கால் நிற்காது. மத்தூர்க்காரன். ஓசூர் சிப்காட்டில் எங்கள் பம்பு உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள கான்ட்ராக்டில் வந்தவன். நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். இருவருக்கும் ஒரே மேசை என்பதால் அவன் கால் ஆடினால் என் டீ டம்ளரும் ஆடும்.

அவன் என்ன வேலை செய்கிறான் என்பது கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. இணையப் பக்கங்களைப் பார்க்க ஒரு பிரவுசர் வைத்திருக்கிறோம் அல்லவா, அதில் அடிக்கடி ஏதாவது ஓட்டை கண்டுபிடிப்பார்கள். அதை அடைக்கும் திருத்தம் தானாகவே வந்து இறங்கிவிடும். ஆனால் பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்தால்தான் ஓட்டை அடைபடும். இங்கே எவன் மூடுகிறான்? ஏகப்பட்ட பக்கங்களைத் திறந்து போட்டுவிட்டு மாசக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பார்கள். மேல் மூலையில் 'மூடித் திற' என்று சிவப்பு எழுத்து கத்திக்கொண்டே இருக்கும். "தாழ்ப்பா வாங்கியாச்சுண்ணே, கதவ ஒரு தடவ சாத்துனாத்தானே மாட்ட முடியும்?" என்று என்னிடம் புலம்புவான். முன்பு அவன் வேலை பார்த்த சூளகிரி கம்பெனியில் அப்படி அடைக்காத ஓட்டை வழியாக எவனோ புகுந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் முடக்கிவிட்டான். சொல்லச் சொல்ல மூடாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சீட்டு கிழிந்தது இவனுக்கு. வயிறு எரியுமா எரியாதா?

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையிலேயே என் டீ பாதி மேசையில் கொட்டியது. "பெரிய ஓட்டைண்ணே. ஒரு மோசமான பக்கத்தத் தொறந்தாலே போதும், உள்ள பூந்துடுவான். ஏற்கெனவே பூந்துக்கினு இருக்கானுங்க" என்றான். திருத்தம் எல்லா மெஷினிலும் இறங்கியிருந்தது, மூட வேண்டியதுதான் பாக்கி. மதியம் பூஜை போட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு லீவு விடுவார்கள் என்று சொன்னேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்ப சாமியே நம்ம வேலையச் செஞ்சுடும்ணே" என்றான்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று, பொரிகடலையும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சந்தனப் பொட்டோடு அணைவதைப் பார்த்துக்கொண்டே கேட் வரைக்கும் வந்தவன் அங்கே நின்றுவிட்டான். லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் நாராயணம்மா தன் கம்ப்யூட்டருக்கு சாமந்தி மாலை போட்டிருந்தார். திரையில் சரஸ்வதி, கூடவே வீணைச் சத்தம். எந்த வெப்சைட்டோ, பிரவுசரில்தான் திறந்து வைத்திருந்தார். மூலையில் சிவப்பு எழுத்து.

"அக்கா, இத மட்டும் அணைச்சிடலாமா?"

"அய்யோ தேவுடா! நல்ல நாள்ல வாயில வர்ற வார்த்தையப் பாரு. மேனேஜர்கிட்ட சொல்லிட்டு, லீவு முடியற வரைக்கும் ஓடணும்னுதான் வெச்சிருக்கேன். தெரை இருட்டானா வருஷம் பூரா லோடு ஏறாது."

கடைசியாக நிறுத்த வேண்டிய அவன் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; தன் இடத்தில் இருந்தபடியே நெட்வொர்க் வழியாக அதை அவன் அணைத்துவிடலாம். திரும்பி வந்து உட்கார்ந்தான், மவுஸைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான். பூஜை போட்ட எதிலும் யாரும் கை வைக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. ஒரு வருஷம் பூஜைக்கு அப்புறம் எவனோ டிரில்லிங் மெஷினை ஓட்டி விரலை நசுக்கிக்கொண்டதிலிருந்து அந்தச் சட்டம். "கை வெச்சா மேனேஜர் தொரத்துவாரு. வெக்கலன்னா எவனாச்சும் பூந்து, அதுக்கும் என்னியத்தான் தொரத்துவாங்க. மறுபடியும் வேல போச்சுன்னா வீட்ல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்?" என்றான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான், பாவம். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் ஏறவில்லை, கேட்டுக்கு ஓடினான். சனியன், என்னையும் அல்லவா இழுத்துக்கொண்டு ஓடினான்!

"அக்கா, சாமி காலடியில பாருங்க" என்றான்.

நாராயணம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். படத்துக்குக் கீழே சீட்டாட்ட விளம்பரம் மினுக்கியது. அதற்குக் கீழே அரைகுறை உடையில் ஒருத்தி கண்ணடித்தாள்.

"த்தூ! இந்தக் கருமம் எப்படி வந்துச்சு?"

"இந்த மாதிரி வழியிலதான்க்கா திருடனும் வருவான். நீங்க பூட்டிட்டுப் போனப்புறம் லாரி கணக்கு, டிராயிங்கு எல்லாத்தயும் வாரிக்கினு போயிடுவான்."

நாராயணம்மா சாமந்தி மாலையை இழுத்து விளம்பரத்தை மறைத்தார். பிறகு, "அணைக்கறேன்னு சொல்லாத. எதுக்கும் ஒரு முறை இருக்கு" என்றார். கற்பூரம் ஏற்றிக் காட்டினார். வீட்டில் பூஜை முடிந்ததும் கலசத்தை நகர்த்துவது போல, மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து வடக்குப் பக்கமாக லேசாக நகர்த்தி, "போயிட்டு வாம்மா" என்று கும்பிட்டார். பிரவுசரையும் அவரே மூடினார். கமலக்கண்ணன் ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னான். சிவப்பு எழுத்தைக் காணோம். அப்புறம்தான் கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள்.

லீவு முடிந்து வந்த அன்று முதல் லாரியே கேட்டில் கிளம்ப மாட்டேன் என்று மக்கர் பண்ணியது. மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"லீவு பூரா கேட் சிஸ்டம் இருண்டு கெடந்துச்சாமே, வாட்ச்மேன் சொல்றான். சாமிய அணைச்சது எவன்டா?"

கண் நேரே கமலக்கண்ணன் மேல் போனது. நாராயணம்மா கேட் பாஸிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"யாரும் அணைக்கல சார். கற்பூரம் காட்டி, வடக்கே நகர்த்தி, நாந்தான் அனுப்பிவெச்சேன். கேக்கறத என்னக் கேளுங்க."

"முறையாத்தான் பண்ணியாம்மா?"

"முறையில்லாம நான் என்னிக்கு சார் பண்ணியிருக்கேன்?"

மேனேஜர் லாரி டிரைவரைத் திட்டப் போய்விட்டார்.

டீ நேரத்தில் நாராயணம்மா எங்கள் மேசைக்கு வந்தார். "ஏம்ப்பா கமலு, அன்னிக்கு அத மூடுனோமே, அதால என்னதான் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா."

"ஒண்ணும் ஆகலியா? இதுக்கா அந்தக் குதி குதிச்சே?"

"ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்க்கா" என்றான். நாராயணம்மா அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். என் டம்ளரைப் பார்த்தேன். டீ ஆடாமல் நின்றது. அதுவும் நான் குடித்து முடிக்கும் வரைதான்.