பாசியில் வழுக்கிய கதை

பள்ளியில் ஊதா மையில் உருட்டி எடுத்துக் கொடுத்த முகாம் அனுமதித் தாளில் ஏழெட்டுக் கேள்விகள் இருந்தன. அதில் ஒன்று, ‘பிள்ளைக்கு நோய் ஏதும் உண்டா?’ என்பது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியது பொய். எனக்கு வலிப்பு இருந்தது. பன்னிரண்டு வயதில் அது எனக்கே தெரியாது. விடியற்காலைத் தூக்கத்தில் எப்போதாவது வந்து போகும். விழித்தால் உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். “தூக்கத்துல பொலம்புன” என்பார்கள், நம்பிவிடுவேன். தினமும் விழுங்கிய மாத்திரை ஞாபகசக்திக்கு என்று சொல்லியிருந்தார்கள். அதை விழுங்கியும் கணக்கில் இருபது மார்க்கைத் தாண்டாதவள் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் செல்லூரில் எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் படித்த பெண்கள் பள்ளியில் சாரணியரைப் பார்த்துக்கொண்டவரைக் கைடு டீச்சர் என்போம். வருஷம் ஒருமுறை இருபது பிள்ளைகளை வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு மாந்தோப்புக்கு மூன்று நாள் முகாம் கூட்டிப்போவார். பெற்றோர் எழுதித் தரும் தாளை அவர் துளியும் நம்பமாட்டார். இருபது தாளிலும் ‘இல்லை’ என்றுதான் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முகாமுக்கு முன்னால் இருபது வீட்டுக்கும் நடந்தே போவார். போய், நோயைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். “இவ எப்பிடித் தூங்குவா? பக்கத்துல யாரு படுக்கணும்?” என்று மட்டும் கேட்பார். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என்னைக் கலர் வாங்கி வர விரட்டினார்கள். பாட்டிலோடு திரும்பி வந்தபோது அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். டீச்சர் கலரைக் குடித்துவிட்டு, “மாத்துத்துணி ரெண்டு செட்டுப் போதும்” என்று சொல்லிக் கிளம்பினார்.

அந்தக் கலர் வாங்கப் போன நேரத்தில் நடந்ததை அம்மா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். டீச்சர் கேட்ட கேள்விக்கு அவள் உடைந்துபோய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவள எவன் கட்டுவான் டீச்சர்?” என்று அழுதிருக்கிறாள். என்னை விட்டுவிட்டுப் போவதுதான் டீச்சருக்குச் சுலபம். ஆனால் பெயர் கொடுத்த பிள்ளையை நிறுத்தினால் ஏன் என்று தெருவே கேட்கும். நானோ அனுப்பாவிட்டால் சோறு தின்னமாட்டேன் என்று மூன்று நாளாகக் குப்புறப் படுத்திருந்தேன். “கூட்டிட்டுப் போறேன். யாருக்கும் தெரியாது, எம் பொறுப்பு” என்றாராம் டீச்சர்.

முகாமில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுப்பார். என் உள்ளங்கையில் மட்டும் பழத்தோடு மாத்திரையும் விழும். படுக்கை அவர் பக்கத்தில். இதெல்லாம் எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியது பம்புசெட். தொடை பருமனுக்குக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தளவுத் தொட்டி. அதில் குதிக்கத்தானே அம்புட்டுத் தூரம் வந்தோம்! டீச்சரோ ஒருத்தியும் தொட்டியில் இறங்கக்கூடாது, வாளியில் மொண்டு துவைகல்லில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இருபது பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். “டீச்சருக்குத் தண்ணின்னா பயம்டி” என்று கிளப்பிவிட்டவள் நான்தான். அவர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் சும்மா வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் அவர், கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர் என்பதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

மூன்றாம் நாள் காலை வாளியோடு தொட்டி ஓரம் நின்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகத்தில் இருப்பது, ஒருக்களித்துப் படுத்திருந்த என் தலைக்குக் கீழே டீச்சரின் நனைந்த மடி. தாடையில் ரத்தம். மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். நான் விழுந்ததுமே டீச்சர், “பாவாட அவுந்துருச்சுடி, எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க!” என்று கத்தியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்குத் திரும்பாத பொம்பளைப் பிள்ளை எங்கள் ஊரில் உண்டா? உடம்பு வெட்டி இழுத்ததை ஒருத்தியும் பார்க்கவில்லை. “பாசில வழுக்கி விழுந்துட்டா. கல்லுல தாடை அடிச்சிருச்சு” என்றார் டீச்சர். வாடிப்பட்டியில் மூன்று தையல் போட்டார்கள்.

தையலோடு திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்து மற்ற வீட்டார் கொதித்துப் போனார்கள். தலைமையாசிரியை என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு அனுப்பினார். கைடு டீச்சர் சுவரோரம் நின்றிருந்தார். “நீ வழுக்கித்தானே விழுந்த?” என்று தலைமையாசிரியை கேட்டார். “ஆமா டீச்சர், பாசி” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தொட்டியில் இறங்கவிடாத கோபம் இன்னும் தீரவில்லை. “கைடு டீச்சர் எங்களப் பாத்துக்கிட்டே இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்” என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். “என் கவனக்குறைவுதான்” என்று டீச்சர் எழுதிக் கொடுத்தார். முகாம் அவர் கையை விட்டுப் போனது. ஓய்வு பெறும்வரை தையல் வகுப்பு மட்டும்தான் எடுத்தார்.

எனக்கு வலிப்பு தானாகவே நின்றது, மாத்திரையும் நின்றது, கல்யாணமும் ஆனது. தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது டாக்டர் ஏதோ கேட்கப்போய், ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்து அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு அம்மாவின் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல் வந்த வெட்கம் பெரிது. மறுநாளே சிம்மக்கல்லில் டீச்சர் குடியிருந்த மாடிக்கு மூச்சு வாங்க ஏறினேன். அம்மா சொன்னதையும் மாத்திரை நின்றதையும் சொல்லி, மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன், “மாத்திரைய டாக்டர் சொல்லித்தான நிறுத்துன?” என்றார். அழுதேன். பள்ளிக்கு உண்மையை எழுதிப் போடுகிறேன் என்றேன்.

“ஒம் மாமியா வீட்டுக்குத் தெரியுமா?”

“தெரியாது டீச்சர்.”

“அப்ப எழுதாத” என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனார்.

நான் எழுதவில்லை. டீச்சர் இப்போது இல்லை. போன மாதம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு என் கணவரிடம் சொன்னேன். “அம்புட்டுத்தானா?” என்றார். பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த அம்புட்டுக்காகத்தான் கவனமே உருவான ஒருவர் கவனமில்லாதவர் என்ற பெயரோடு இருபது வருஷம் அந்தப் பள்ளியில் நடமாடினார். பிந்தித்தான் எழுதுகிறேன், டீச்சர். நான் பாசியில் வழுக்கவில்லை. எனக்கு வலிப்பு வந்தது. வந்த நேரத்தில் நான் தண்ணீருக்குள் இல்லை.